ஒரு ஊசிக்குப் பயந்து ஐந்து மாதம்: சி.டி. ஸ்கேன் பார்த்துச் செய்யும் பயாப்ஸியும் கதிர்வீச்சும்

(நமது டிரஸ்ட் சார்பில் காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஸ்கேன் துறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. வர இயலாத குடும்பங்களுக்காக எழுத்து வடிவில் தருகிறோம்.)



மருத்துவ உதவி கேட்டு டிரஸ்டுக்கு வருகிற குடும்பங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம். "டாக்டர் சி.டி. ஸ்கேனில் வைத்து ஊசி போட்டு சதை எடுக்கணும்னு சொல்றார். கதிர்வீச்சு ஆபத்துன்னு சொல்றாங்களே, எடுக்கலாமா வேண்டாமா?" இதற்குப் பதில் சொல்லத்தான் நிர்வாகிகள் என்னை அழைத்தார்கள்.

முதலில் ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளையே "சொல்லுங்க டாக்டர், நாலு பேருக்குப் பயன்படட்டும்" என்று சொன்னதால் சொல்கிறேன்.

மலேசியாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு பெரியவர். வயது அறுபதை நெருங்குகிறது. இருமல் விடவில்லை. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு நிழல். சி.டி. எடுத்தார்கள். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டி. சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை. "இது காசநோயா, புற்றுநோயா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஊசி மூலம் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும்" என்றார் மருத்துவர். மகன் செல்போனில் தேடிப் பார்த்தார். "ஒரு சி.டி. என்பது 400 எக்ஸ்ரேக்குச் சமம்" என்று இருந்தது. "அத்தாவுக்கு இது வேண்டாம்" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் உத்தேசமாகக் காசநோய் மாத்திரை தொடங்கினார்கள். ஐந்து மாதம் போனது. எடை குறைந்ததே தவிர இருமல் குறையவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் மூன்று ஊர்களில் மூன்று முறை சி.டி. எடுத்திருக்கிறார்கள். போன இடத்தில் எல்லாம் "பழைய ஃபிலிம் எங்கே?" என்று கேட்டார்கள், வீட்டில் இருந்தது, கையில் இல்லை. ஒரு ஊசிக்கான கதிர்வீச்சுக்குப் பயந்தவர்கள், அதைவிடக் கூடுதலாகவே வாங்கிக் கொண்டார்கள். கடைசியில் ஊசி போட்டபோது கட்டி ஐந்து சென்டிமீட்டர். அறுவை சிகிச்சை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. பெரியவர் இப்போது மருந்தில் இருக்கிறார். அல்லாஹ் ஷிஃபாவைத் தரட்டும்.

இந்தக் குடும்பத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. அத்தாவின் மீது உள்ள அன்பால்தான் பயந்தார்கள். ஆனால் அந்தப் பயம் எங்கே தொடங்கியது, அதில் எவ்வளவு உண்மை என்று பார்ப்போம்.

400 எக்ஸ்ரே என்ற கணக்கு

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. நம் ஊரிலும் லேசாகக் காய்ச்சல் வந்தவர்கள்கூட மார்பு சி.டி. எடுக்க வரிசையில் நின்றது நினைவிருக்கும். அப்போது டெல்லி எய்ம்ஸ் இயக்குநராக இருந்த டாக்டர் ரண்தீப் குலேரியா, "ஒரு சி.டி. 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்குச் சமம், தேவையில்லாமல் எடுக்காதீர்கள்" என்று எச்சரித்தார். உடனே இந்திய ரேடியாலஜி மருத்துவர்களின் சங்கம் மறுத்தது. அது பழைய இயந்திரங்களின் கணக்கு, இப்போதைய மிகக் குறைந்த அளவு முறையில் 5 முதல் 10 எக்ஸ்ரே அளவுதான் என்றது.

இருவரும் பெரியவர்கள். யார் சொல்வது சரி? கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அளவால் அளக்கிறோம். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.02 மில்லிசீவர்ட். வழக்கமான மார்பு சி.டி. சுமார் 7. ஏழை 0.02ஆல் வகுத்தால் 350 வருகிறது. குலேரியா சொன்ன கணக்கு இதுதான். குறைந்த அளவு முறையில் எடுத்தால் அந்த ஏழு, ஒன்று ஒன்றரையாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கும். அப்போது கணக்கும் மாறிவிடும். எந்த இயந்திரம், எந்த முறை என்பதைப் பொறுத்தது.

ஆனால் 400 என்றதும் நாம் நடுங்குவது, எக்ஸ்ரே எவ்வளவு சிறியது என்று தெரியாததால். நாம் எல்லோரும் சும்மா இருக்கும்போதே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உண்ணும் உணவிலிருந்தும் வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு வாங்குகிறோம். அப்படிப் பார்த்தால் ஒரு மார்பு சி.டி. என்பது ஏறக்குறைய மூன்று வருட இயற்கைக் கதிர்வீச்சு. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி, கேரளத்துக் கருநாகப்பள்ளி கடற்கரை மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம். கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

அதற்காக சி.டி.யில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1945இல் ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டில் தப்பியவர்களை வாழ்நாள் முழுவதும் கவனித்ததை முக்கிய ஆதாரமாகக் கொண்டு ஒரு மதிப்பீடு இருக்கிறது. 2,000 பேருக்குத் தலா 10 மில்லிசீவர்ட் கொடுத்தால், பிற்காலத்தில் அதனால் ஒருவர் புற்றுநோயில் இறக்கக்கூடும். சி.டி. எதுவும் எடுக்காவிட்டாலும் நம் நாட்டில் ஏறக்குறைய ஒன்பதில் ஒருவருக்கு வாழ்நாளில் புற்றுநோய் வருகிறது. 2,000 பேரில் சுமார் 220 பேர். சிறுவர்களுக்கு ஆபத்து கூடுதல், வயதானவர்களுக்குக் குறைவு. ஏனென்றால் இந்தப் பாதிப்பு வெளிப்பட பல வருடம் ஆகும்.

அந்தப் பெரியவரின் நுரையீரலில் இருந்த கட்டி பல வருடம் காத்திருக்கவில்லை. ஐந்து மாதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. குலேரியா எச்சரித்தது லேசான கொரோனாவுக்காக, ஸ்கேன் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சிகிச்சை மாறாதவர்களுக்காக. ஊசியின் முடிவை வைத்துத்தான் சிகிச்சையே தொடங்க முடியும் என்ற நோயாளிக்கு அந்த எச்சரிக்கையைப் பொருத்தக் கூடாது.

ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது?

சி.டி. இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு எடுத்தார்கள்; 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. 1970களின் நடுவிலேயே, படம் பார்த்து ஊசி செலுத்தவும் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆக, இது நேற்று வந்த முறையல்ல.

நோயாளியை மேசையில் படுக்க வைத்துக் கட்டி இருக்கும் பகுதியை மட்டும் ஒருமுறை ஸ்கேன் செய்வோம். தோலில் எந்தப் புள்ளியில் நுழைந்தால் எலும்பும் பெரிய ரத்தக் குழாயும் தடுக்காது என்று அளந்து குறிப்போம். அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டு, மெல்லிய பயாப்ஸி ஊசியைச் சிறிது சிறிதாக உள்ளே செலுத்துவோம். நடுநடுவே சில படங்கள் எடுத்து ஊசி முனை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். துணுக்கு எடுத்த பிறகு ரத்தமோ காற்றோ கசிகிறதா என்று கடைசியாக ஒரு படம். பெரும்பாலும் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது.

பலன் எவ்வளவு? நுரையீரல் கட்டிகளில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியான பதில் கிடைத்துவிடுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டியாக இருந்தால் அது குறையும். சிலருக்கு "போதுமான சதை இல்லை" என்று ரிப்போர்ட் வரும். அதற்குப் புற்றுநோய் இல்லை என்று அர்த்தமல்ல. மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம்.

இதே முறையில் வயிற்றுக்குள் சீழ் கட்டியிருந்தால் வயிற்றைத் திறக்காமலே குழாய் வைத்து வெளியேற்றலாம். முதுகெலும்பில் காசநோயா என்று பார்க்கலாம். கணையப் புற்றுநோயால் தாங்க முடியாத வலி உள்ளவர்களுக்கு அந்த நரம்பு முடிச்சுக்கு மருந்து செலுத்தி வலியைக் குறைக்கலாம்.

உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து

எல்லோரும் கதிர்வீச்சைக் கேட்கிறார்கள். நுரையீரல் பயாப்ஸியில் அதைவிட முதலில் கேட்க வேண்டியது காற்றுக் கசிவு. ஊசி பட்ட இடத்திலிருந்து காற்று கசிந்து நுரையீரலைச் சுற்றி நிற்கும். நியூமோதோராக்ஸ் என்போம். ஏறக்குறைய நான்கைந்து பேரில் ஒருவருக்கு இது வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானே சரியாகிவிடும். நூறில் ஐந்தாறு பேருக்குக் குழாய் வைத்துக் காற்றை எடுக்க வேண்டியிருக்கும். பீடி, சிகரெட்டால் நுரையீரல் கெட்டவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். சிலருக்குச் சளியில் சிறிது ரத்தம் வரும். அதனால்தான் முடிந்தபின் சில மணி நேரம் அங்கேயே வைத்து மறுபடி ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கிளம்பி வராதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே அருகில் உள்ள மருத்துவமனைக்குப் போய் "ஊசி போட்டு சதை எடுத்தார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

நம் குடும்பங்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. லீவில் வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர், பயாப்ஸி எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் விமானம் ஏறலாம் என்று நினைப்பார். நுரையீரலைச் சுற்றிக் காற்று நிற்கும்போது பறந்தால் அது உயரத்தில் விரிந்து உயிருக்கு ஆபத்தாகும். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள்.

"கத்தி பட்டால், ஊசி பட்டால் கேன்சர் பரவும்" என்ற பேச்சும் நம் ஊரில் உண்டு. ஊசித் தடத்தில் பரவுவது மிக மிக அரிது. இன்ன நோய் என்று தெரியாமல் மருந்து சாப்பிட்டுக்கொண்டு நாளைக் கடத்தும்போது நோய் பரவுவதுதான் நாங்கள் தினமும் பார்ப்பது.

சட்டம் யாரைக் காக்கிறது?

இந்தியாவில் எக்ஸ்ரே, சி.டி. கருவிகளைக் கண்காணிப்பது 1983இல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதன் உரிமம் இல்லாமல் சி.டி. இயந்திரத்தை இயக்கக் கூடாது. எங்களைப் போல் அங்கே வேலை செய்கிறவர்கள் சட்டையில் ஒரு பேட்ஜ் அணிந்திருப்போம். நாங்கள் வாங்கும் கதிர்வீச்சை அது பதிவு செய்யும். ஐந்து வருட சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது எங்களுக்கான வரம்பு. பொதுமக்களுக்கு இத்தகைய தொழில்களால் வருவது வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஆனால் நோயாளிக்கு வரம்பு கிடையாது. ஏன்? உயிர் காக்கத் தேவையென்றால் வரம்பு குறுக்கே நிற்கக் கூடாது என்பதற்காக. அதனால் "இது தேவையா? தேவையென்றால் எவ்வளவு குறைவாக எடுக்க முடியும்?" என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குறைக்க வழி இருக்கிறதா? இருக்கிறது. பயாப்ஸியில் கதிர்வீச்சின் பெரும்பகுதி ஊசி போடும்போது எடுக்கும் சிறு படங்களால் வருவதில்லை. முதலிலும் கடைசியிலும் எடுக்கும் பெரிய ஸ்கேனால் வருகிறது. முழு மார்பையும் எடுக்காமல் கட்டி உள்ள பகுதியை மட்டும் எடுத்தால், மின்னளவைக் குறைத்து வைத்தால், பல மடங்கு குறையும். ஊசி எங்கே போகிறது என்று தெரிய அழகான படம் வேண்டியதில்லை. கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2009இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஒரு பெரிய மருத்துவமனையில், மூளை ஸ்கேன் இயந்திரத்தின் அமைப்பு தவறாக இருந்ததால் 206 நோயாளிகளுக்குச் சுமார் எட்டு மடங்கு கதிர்வீச்சு போய்விட்டது. ஒரு நோயாளிக்கு முடி கொட்டிய பிறகுதான் தெரிய வந்தது. கவனிக்க ஆள் இல்லையென்றால் நல்ல இயந்திரமும் தவறு செய்யும்.

ஒவ்வொரு சி.டி. முடிந்ததும் இயந்திரமே ஒரு கணக்குப் பக்கம் தரும். அதில் டி.எல்.பி. என்று ஒரு எண் இருக்கும். மார்பு ஸ்கேனாக இருந்தால் அதை 0.014ஆல் பெருக்குங்கள், மில்லிசீவர்ட் உத்தேசமாகக் கிடைக்கும். 500 என்று இருந்தால் 7. சி.டி.யிலேயே அந்தப் பக்கத்தையும் பதிந்து தரும்படி கேளுங்கள்.

சீட்டில் வந்த கேள்விகள்

"ஸ்கேன் எடுத்து வந்தவர் கைக்குழந்தையைத் தூக்கலாமா?" தாராளமாகத் தூக்கலாம். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில் கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருள் சிக்கி ஒருவர் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். அங்கே இருந்தது தானாகவே கதிர் வீசும் பொருள். சி.டி. இயந்திரத்தில் அப்படி எதுவும் இல்லை. மின்விளக்கு போல, சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். நோயாளியின் உடலில் எதுவும் தங்காது. தாய்ப்பாலும் கொடுக்கலாம். பெட் ஸ்கேன் வேறு. அதில் உடலுக்குள் கதிரியக்க மருந்து செலுத்துவார்கள், அவர்கள் சொல்லும் நேரம் வரை குழந்தைகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும்.

"கர்ப்பமாக இருந்தால்?" சந்தேகம் இருந்தாலே முன்னதாகச் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். துணைக்கு வருகிற பெண்ணும் கர்ப்பிணியாக இருந்தால் ஸ்கேன் அறைக்குள் நிற்கக் கூடாது.

"பெண்களுக்கு மறைப்பு?" ஊசி போடும் இடம் மட்டும் தெரிந்தால் போதும், மற்ற இடத்தைத் துணியால் மூடிவிடலாம். பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்று தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். புர்காவின் ஊசிகள், நகை, தாயத்து ஆகியவற்றை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். உலோகம் இருந்தால் படம் கெடும், மறுபடி எடுக்க வேண்டி வரும்.

"ரமலானில் தேதி கொடுத்தால்?" நாள் தள்ளிப் போடலாமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு உள்ள சலுகையை ஆலிமிடம் கேளுங்கள். இரண்டையும் நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

"அத்தா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்." இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் நம்மில் நிறைய. க்ளோபிடோக்ரல், ஆஸ்பிரின், வார்ஃபரின் எதுவானாலும் மாத்திரை அட்டையைக் கொண்டு வந்து காட்டுங்கள். நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். சொல்லாமல் வந்தால் ரத்தம் நிற்காது. சர்க்கரை நோயாளிகள், வெறும் வயிற்றில் வரச் சொன்னால் காலை மருந்தை என்ன செய்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

மருத்துவர் முன் உட்காரும்போது நான்கு கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். இந்த முடிவு வந்தால் அத்தாவின் சிகிச்சையில் என்ன மாறும்? அல்ட்ராசவுண்ட் பார்த்தே செய்ய முடியுமா? ஈரல், கழுத்துக் கட்டி, மார்புச் சுவரை ஒட்டிய கட்டி ஆகியவற்றைப் பல நேரம் அப்படிச் செய்யலாம், அதில் கதிர்வீச்சே இல்லை. கட்டி உள்ள பகுதியை மட்டும் குறைந்த அளவில் ஸ்கேன் செய்வீர்களா? எடுத்த சதையைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்புவீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். புற்றுநோய் பார்க்கும் சதையை ஃபார்மலின் திரவத்தில் போடுவார்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பிறகு காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. அதற்குத் தனி டப்பாவில் சலைன் திரவத்தில் ஒரு துணுக்கு வேண்டும். இதை மறந்ததால் இரண்டாவது முறை ஊசி போட்டவர்கள் இருக்கிறார்கள்.

பழைய எக்ஸ்ரே, சி.டி. ஃபிலிம், குறுந்தகடு, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எடுத்த தேதியை மேலே எழுதி வையுங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும், மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குப் போனாலும், சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும் அந்தப் பை உங்களோடு போக வேண்டும். தேவையில்லாத கதிர்வீச்சைக் குறைக்க உங்கள் கையில் உள்ள மிக எளிய வழி அதுதான். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தேதி வாங்கும்போதே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். அதற்கு மேலும் பணம் தடையாக இருந்தால் டிரஸ்டில் சொல்லுங்கள். பணம் இல்லை என்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கதிர்வீச்சு பயம் என்று சொல்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெரியவரின் மகன் இப்போது மற்ற நோயாளிகளுக்குத் துணையாக மதுரைக்கு வந்து போகிறார். போன மாதம் ஒரு தாயாரை அழைத்து வந்தார். மூன்று வாரமாக ஊசிக்குப் பயந்து இருந்தவர்கள். பயாப்ஸியில் காசநோய் என்று வந்தது. மாத்திரை தொடங்கிவிட்டோம், இன்ஷா அல்லாஹ் குணமாகிவிடுவார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு அந்தத் தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிலிம் பையின் மேல் தேதியை எழுதி அந்த அம்மாவிடம் கொடுத்தார்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண சுகத்தைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.